பீட்டில்ஸும் பங்குனிப் பொங்கல் கச்சேரியும்

பி.காம். படிப்பவர்களுக்கு மார்க்கெட்டிங் பேப்பரில் தவறாமல் வரும் ஒரு படம் உண்டு. அறிமுகம், வளர்ச்சி, முதிர்ச்சி, சரிவு என்று மலை மாதிரி ஏறி இறங்கும் ஒரு கோடு. ஓடுகிற சரக்கில் கை வைக்காதே, சரிவு தெரிய ஆரம்பித்த பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்பதுதான் அந்தக் கோட்டைப் பார்த்து பஜாரில் எல்லோரும் புரிந்துகொள்வது. விருதுநகர் எண்ணெய்க் கடையில் கேட்டாலும் சிவகாசி பட்டாசுக் கம்பெனியில் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். பட்டாசு டப்பாவின் லேபிளில் இருக்கும் படத்தைக்கூட லேசில் மாற்ற மாட்டார்கள். "அந்தப் படம் போட்ட வெடி குடுங்கண்ணாச்சி" என்று கேட்டு வாங்குகிற ஆள் அடுத்த கடைக்குப் போய்விட்டால் என்ன செய்வது!

இந்தக் கோட்டுக்குள் அடங்காத ஒரு கோஷ்டி பீட்டில்ஸ். உச்சியில் நிற்கும்போதே கடையைச் சாத்திவிட்டு, அதே பெயரில் வேறு சரக்கு விற்க ஆரம்பித்தவர்கள்.

பீட்டில்ஸ் என்றால் கோட்டு சூட்டு, நெற்றியில் விழும் முடி, மயங்கி விழும் பெண்கள், இவ்வளவுதான் நம்மில் பலருக்குத் தெரியும். அதுவும் உண்மைதான். 1964 பிப்ரவரி 9-ம் தேதி அமெரிக்கத் தொலைக்காட்சியில் அவர்கள் பாடியதைப் பார்த்தவர்கள் சுமார் 7 கோடியே 30 லட்சம் பேர். அதே வருடம் ஏப்ரல் முதல் வாரத்தில் அமெரிக்காவின் 'பில்போர்டு' பட்டியலில் முதல் ஐந்து இடங்களிலும் இவர்கள் பாட்டுதான். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து! இந்த அலை நம்ம ஊர் சினிமாவுக்கும் வந்தது. 1965-ல் வந்த 'ஜான்வர்' இந்திப் படத்தில் பீட்டில்ஸ் பாட்டு ஒன்றை அப்படியே இந்தியாக்கி ஆடவிட்டிருப்பார்கள்.

இதெல்லாம் பாப் இசை. இரண்டரை நிமிடப் பாட்டு, காதல், கைதட்டல். இதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் இதோடு நின்றிருந்தால் இன்று யாரும் அவர்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

மேடையில் அவர்கள் பட்ட பாட்டைக் கேட்டால் சிரிப்பும் வரும், பாவமாகவும் இருக்கும். 1965 ஆகஸ்டில் நியூயார்க் ஷே ஸ்டேடியத்தில் 55,000 பேருக்கு மேல் கூட்டம். பேஸ்பால் ஆட்டத்துக்கு அறிவிப்புச் செய்கிற மைக் செட்டில்தான் பாட்டு போனது. கூட்டம் போட்ட கூச்சலில் பாடுகிறவருக்குத் தன் குரலே கேட்கவில்லை. கிடார் வாசிப்பவர் என்ன வாசிக்கிறார் என்று டிரம்ஸ் வாசிக்கிற ரிங்கோவுக்குத் தெரியாது. முன்னால் நிற்பவர்களின் உடம்பு அசைவதைப் பார்த்துத்தான் அவர் தாளத்தைப் பிடிக்க வேண்டியிருந்தது. கேட்கவே யாரும் இல்லாத இடத்தில் நன்றாக வாசித்து என்ன ஆகப் போகிறது?

ஒரு வருடம் கழித்து, 1966 ஆகஸ்ட் 29-ல் சான்பிரான்சிஸ்கோவில் நடந்ததுதான் அவர்கள் டிக்கெட் போட்டு நடத்திய கடைசிக் கச்சேரி. மொத்தம் 11 பாட்டு, அரைமணி நேரத்துக்குச் சற்று அதிகம். இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. அந்த மாதத் தொடக்கத்தில்தான் 'ரிவால்வர்' என்ற புது ஆல்பம் வந்திருந்தது. அதிலிருந்து ஒரு பாட்டைக்கூட அந்தச் சுற்றுப்பயணத்தில் அவர்கள் பாடவில்லை. நாலு பேர் மேடையில் நின்று வாசிக்கக்கூடிய பாட்டுகளாக அவற்றில் பல இல்லை.

அந்த ஆல்பத்தின் கடைசிப் பாட்டு 'டுமாரோ நெவர் நோஸ்'. முதலில் பதிவானது இதுதான், 1966 ஏப்ரலில். அன்று ஒலிப்பதிவுப் பொறியாளராக உட்கார்ந்திருந்த ஜெஃப் எமரிக்குக்கு வயது 20. நம்ம ஊரில் அரியர் பேப்பருக்குப் பணம் கட்டிக்கொண்டிருக்கிற வயசு! மலை உச்சியிலிருந்து தலாய் லாமா ஓதுகிற மாதிரி தன் குரல் கேட்க வேண்டும் என்று ஜான் லெனன் கேட்டிருக்கிறார். ஆர்கனுக்கென்று இருக்கும் சுழல்கிற ஸ்பீக்கர் ஒன்றுக்குள் குரலை அனுப்பி, அதை மைக் வைத்துப் பிடித்திருக்கிறார்கள். பால் மெக்கார்ட்னி வீட்டில் தயார் செய்து கொண்டுவந்த டேப் துண்டுகளை வளையமாக ஒட்டி, கட்டடத்தில் இருந்த மெஷின்களில் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடவிட்டு, டேப் தொய்யாமல் இருக்க ஆளுக்கொரு பென்சிலைக் கொடுத்துப் பிடிக்கச் சொல்லிப் பதிவு செய்திருக்கிறார்கள். சிரிப்பொலியை வேகமாக ஓடவிட்டால் கடல் பறவை கத்துகிற மாதிரி ஆகிவிடுகிறது. கிடார் பின்பக்கமாக ஓடுகிறது. எல்லாவற்றுக்கும் அடியில் தம்பூரா.

ஆமாம், நம்ம தம்பூரா.

இங்கேதான் நம் ஆட்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வார்கள். "பாத்தீங்களா, கடைசியில நம்ம சங்கீதத்துக்குத்தான் வந்தாங்க" என்று. இன்னொரு கோஷ்டி, "நம்மகிட்ட இருந்து திருடிட்டுப் போய் கோடி கோடியா சம்பாரிச்சான்" என்று கோபப்படும். இரண்டு பேச்சுமே விஷயத்தைத் தொடவில்லை.

மேற்கத்திய பாப் பாட்டு நடப்பது கார்டு என்கிற ஸ்வரக்கூட்டங்களின் மேல். ஒரு கார்டிலிருந்து அடுத்ததற்குத் தாவித் தாவித்தான் பாட்டு முன்னால் போகும். 'டுமாரோ நெவர் நோஸ்' கிட்டத்தட்ட முழுவதும் ஒரே கார்டில் நிற்கிறது. அவர்கள் காதுக்கு அது பெரிய அதிர்ச்சி. நமக்கு? பங்குனி மாதம் மாரியம்மன் கோயில் வாசலில் நாதஸ்வரத்துக்குப் பக்கத்தில் நின்று பாருங்கள். நாதஸ்வரக்காரர் எங்கெங்கோ போய் வருவார். சுருதிப் பெட்டி (அந்தக் காலமாக இருந்தால் ஒத்து) இருந்த இடத்தை விட்டு அசையாது. அதைப் போய் யாராவது சோதனை இசை என்பார்களா? கல்யாண வீட்டில் அந்தச் சத்தத்துக்கு நடுவில் உட்கார்ந்து நாம் வடை பாயசத்தோடு சாப்பிட்டுக்கொண்டிருப்போம்.

ஆக பீட்டில்ஸ் நம்மிடம் எடுத்துக்கொண்டது ராகமும் இல்லை, தாளமும் இல்லை. பெரும்பாலும் அந்த அசையாத சுருதியைத்தான். அதைக் கொண்டுபோய் டேப்போடும் டிரம்ஸோடும் சேர்த்து இங்கேயும் இல்லாத, அங்கேயும் இல்லாத ஒன்றைச் செய்தார்கள். எடுத்தது சின்னது, செய்தது பெரியது. இதற்குப் போய் திருட்டு என்று பெயர் வைப்பது நியாயமில்லை. நம் பெருமைக்குச் சான்றிதழாக ஃபிரேம் போட்டு மாட்டுவதும் வெட்டிவேலை.

ஜார்ஜ் ஹாரிசன் மட்டும் இதில் கொஞ்சம் ஆழமாக இறங்கியவர். 1966-ல் ரவிசங்கரைச் சந்தித்தார், அவரிடமே சிதார் கற்றுக்கொண்டார். இரண்டு வருடத்தில், தான் ஒருநாளும் பெரிய சிதார் வித்வான் ஆகப் போவதில்லை என்று உணர்ந்து மறுபடி கிடாருக்கே திரும்பிவிட்டார். பாராட்ட வேண்டிய நேர்மை அது. ஆறு மாதம் கற்றுக்கொண்டு அரங்கேற்றம் செய்கிற நம் ஊர் வழக்கத்தை நினைத்துப் பார்த்தால் இன்னும் கூடுதலாகவே பாராட்டலாம்.

அதே ஹாரிசன் 1968 ஜனவரியில் பம்பாய் எச்.எம்.வி. ஸ்டுடியோவுக்கு வந்து நம் வாத்தியக்காரர்களை வைத்துப் பதிவு செய்தார். அப்படிப் பதிவானதுதான் 'தி இன்னர் லைட்' பாட்டின் இசை. பீட்டில்ஸ் இசைத்தட்டில் புல்லாங்குழல், பக்வாஜ், ஆர்மோனியம்! குழல் வாசித்தவர்களில் ஹரிபிரசாத் சௌராசியாவும் ஒருவர். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

நடுவில் 1967-ல் 'சார்ஜென்ட் பெப்பர்ஸ்' ஆல்பம். முதல் ஆல்பத்தின் 14 பாட்டுகளில் 10-ஐ 1963 பிப்ரவரியில் ஒரே நாளில் பாடி முடித்த கோஷ்டி, இந்த ஆல்பத்துக்குச் செலவழித்தது சுமார் 700 மணி நேரம். பாட்டு வரிகளை அட்டையின் பின்பக்கமே அச்சடித்துக் கொடுத்தார்கள். முன்பக்கத்தில் உலகப் பிரபலங்களின் உருவங்களாக ஒரு பெரிய கூட்டம். அதில் பரமஹம்ச யோகானந்தர் உட்பட நம் நாட்டுச் சாமியார்கள் நாலு பேர் உண்டு. மகாத்மா காந்தியும் முதலில் இருந்தார். இந்தியாவில் பிரச்சினை வரும், விற்க முடியாது என்று பயந்த ஈ.எம்.ஐ. கம்பெனி கடைசி நேரத்தில் அவரை எடுக்கச் சொல்லிவிட்டது. சாமி படத்தையும் தலைவர் படத்தையும் போட்டே காலண்டர் விற்றுப் பிழைக்கிற சிவகாசிக்காரர்களைக் கேட்டிருந்தால் வேறு யோசனை சொல்லியிருப்பார்கள் :-)

மாறியதெல்லாம் நன்றாக இருந்ததா என்றால், இல்லை. 1968-ன் வெள்ளை அட்டை ஆல்பத்தில் 'ரெவல்யூஷன் 9' என்று எட்டு நிமிடத்துக்கு மேல் ஒரு டேப் குப்பை. பீட்டில்ஸ் பக்தர்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, அதை இரண்டாவது முறை முழுசாகக் கேட்டவர்கள் கையைத் தூக்குங்கள் பார்ப்போம். வியாபாரத்தில் செய்த சோதனை அதைவிட மோசம். லண்டனில் 1967 டிசம்பரில் ஒரு துணிக்கடை திறந்து, 1968 ஜூலையில் மிச்சச் சரக்கை வருகிறவர்களுக்கு இலவசமாக அள்ளிக் கொடுத்துவிட்டு மூடினார்கள். அதற்கு எந்த வரைபடத்திலும் இடம் கிடையாது. 1970-ல் கோஷ்டியே உடைந்தது.

சோதனை செய்ததற்கு உடனே விலையும் கொடுத்தார்கள். மேடையை விட்டபிறகு 1967 பிப்ரவரியில் வந்த முதல் இசைத்தட்டில் 'ஸ்ட்ராபெர்ரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்' இருந்தது. வேறு வேறு வேகத்தில், வேறு வேறு சுருதியில் பதிவான இரண்டு பதிவுகளை ஒட்டிச் செய்த அற்புதம் அது. பிரிட்டனில் முதலிடத்துக்கு வரவில்லை. எங்கல்பெர்ட் ஹம்பர்டிங் பாடிய ஒரு சாதாரண காதல் சோகப் பாட்டு அதை இரண்டாம் இடத்தில் நிறுத்திவிட்டது. தொடர்ந்து முதலிடம் பிடித்துவந்தவர்கள் 'தீர்ந்தார்கள்' என்று பேச்சு கிளம்பியது. அவர்கள் அசரவில்லை.

இதனால் வந்த பாதிப்பு என்ன என்று கேட்டால், பாட்டு என்பது மேடையில் பாடுவதைப் பதிவு செய்வது என்று இருந்த நினைப்பு போனதுதான். டேப் வளையங்களை பாரிசிலும் ஜெர்மனியிலும் சோதனைக்கூட இசைக்காரர்கள் அதற்கு முன்பே செய்திருந்தார்கள். ஆனால் அதை ரேடியோவில் கேட்டு ஒரு பள்ளிக்கூடப் பையன் முணுமுணுக்கிற பாட்டுக்குள் கொண்டுவந்தது இந்த நாலு பேர். ஒலிப்பதிவுக்கூடமே ஒரு வாத்தியம் ஆனது. இன்றைக்கு லூப் இல்லாத தமிழ் சினிமாப் பாட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஏ.ஆர்.ரஹ்மான் 1989-ல் வீட்டோடு ஒரு ஸ்டுடியோ கட்டி, ராத்திரியெல்லாம் ஒலியை அடுக்கி அடுக்கி 1992-ல் 'ரோஜா' கொடுத்தாரே, அந்த வேலைமுறைக்கு முன்னோடி அபே ரோடு ஸ்டுடியோவில் இருக்கிறது. ரஹ்மான் பீட்டில்ஸைக் காப்பி அடித்தார் என்று யாரும் புரிந்துகொள்ள வேண்டாம். சாலை போட்டவர் வேறு, வண்டி ஓட்டியவர் வேறு.

சரி, இதற்கும் விருதுநகருக்கும் என்ன சம்பந்தம்?

லெனனும் மெக்கார்ட்னியும் முதன்முதலாகச் சந்தித்தது 1957 ஜூலை 6, லிவர்பூல் பக்கத்தில் ஒரு சர்ச் திருவிழாவில். லெனனின் கோஷ்டி அன்று அங்கே கச்சேரி. திருவிழாக் கச்சேரி! பிறகு 1960-லிருந்து 1962 வரை ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்துச் சாராயக் கடைகளில் ஒரு ராத்திரிக்கு நாலைந்து மணி நேரம் அடுத்தவர் பாட்டைப் பாடித் தள்ளினார்கள். (முதல் கடையின் பெயர் 'இந்திரா'. நிஜமாகவே!) சாத்தூரிலும் அருப்புக்கோட்டையிலும் ராஜபாளையத்திலும் இருக்கிற மெல்லிசைக் குழுக்கள் செய்வதும் இதேதான். ஒரு கீபோர்டு, ஒரு ரிதம் பேட், ஒரு பேஸ் கிடார், தபேலா, இரண்டு மூன்று பாடகர்கள். முதலில் பிள்ளையார் பாட்டு, அப்புறம் அம்மன் பாட்டு, அதற்கப்புறம் கூட்டத்திலிருந்து வருகிற சீட்டு என்ன கேட்கிறதோ அது. இந்தக் கலைஞர்களில் சிலருடைய கை சுத்தம் சாதாரணமானது இல்லை. ஒரிஜினலில் எட்டு வயலின் வாசித்ததை ஒற்றைக் கீபோர்டில் கொண்டுவந்துவிடுவார்கள். ஆனால் இருபது வருடம் வாசித்த பிறகும் அவர்களுக்கென்று ஒரு பாட்டு கிடையாது. "அப்படியே சினிமாவுல வர்ற மாதிரியே இருக்கு" என்பதுதான் அவர்களுக்குக் கிடைக்கிற அதிகபட்சப் பாராட்டு.

நமக்கு இதில் ஒரு குற்ற உணர்வும் வருவதில்லை என்பதுதான் பிரச்சினை. சினிமாவைத் தாண்டி ஒரு பாட்டு விற்கும் சந்தையே இங்கே உருவாகவில்லை. ஊரெல்லாம் வரி பிரித்து விழா நடத்துகிற கமிட்டிக்கு, தெரியாத பாட்டுக்குக் காசு கொடுக்க மனசு வராது. "யாவாரம் ஆகாத சரக்கை எதுக்குப்பா எறக்குற?" என்று கேட்பார்கள். அவர்களைத் திட்டியும் பயனில்லை. ஓடுகிற சரக்கை மாற்றுவது யாருக்குமே சுலபமில்லை. 2018 அக்டோபரில் பேரியம் கூடாது, பசுமைப் பட்டாசுதான் என்று உச்சநீதிமன்றம் சொன்னபிறகுதானே சிவகாசியே மருந்துக் கலவையை மாற்ற ஆரம்பித்தது?

பீட்டில்ஸுக்குப் பணம் இருந்தது, ஈ.எம்.ஐ. இருந்தது, மேடையை விட்டால் சோற்றுக்கு என்ன என்ற கவலை இல்லை. வாடகைக்கு கீபோர்டு எடுத்து வாசிக்கிறவனிடம் போய் இதையெல்லாம் சொல்லலாமா என்று ஒருவர் கேட்டால், நியாயமான கேள்விதான். 'அவர்களைப் போல மேடையை விட்டு இறங்கு' என்று சொல்வது கிறுக்குத்தனம். ஆனால் அவர்கள் நேராக 'ரிவால்வரில்' ஆரம்பிக்கவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். 1963-ன் முதல் ஆல்பத்தில் 14 பாட்டில் 6 மற்றவர்களுடையது, 8 சொந்தம். தெரிந்த பாட்டுக்கு நடுவில் தெரியாத பாட்டு. அடுத்த வருடம் 'எ ஹார்ட் டேஸ் நைட்' ஆல்பத்தில் 13-ம் சொந்தம். கூட்டம் இருக்கும்போதே கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டத்தைப் பழக்கியிருக்கிறார்கள்.

நம் பக்கத்திலேயே இதற்கு உதாரணம் உண்டு. பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராஜனும் தம்பிகளும் ஊர் ஊராகக் கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் பாடியவர்கள். மக்களுக்குத் தெரிந்த மெட்டில் புது வரிகளைப் போட்டுக் கூட்டத்தை உட்கார வைத்தார்கள். அந்தத் தம்பிகளில் ஒருவர் 1976-ல் 'அன்னக்கிளி' கொடுத்தார். இளையராஜா சினிமாக் கடையை மூடவில்லை. அதற்குள்ளேயே சோதனை செய்தார். 1985-ல் 'சிந்து பைரவி'யில் 'கலைவாணியே' பாட்டை ஆரோகணத்தில் மட்டும், அதாவது ஏறு வரிசை ஸ்வரங்களை மட்டும் வைத்து அமைத்தார். எத்தனை பேருக்கு அது தெரியும்? தெரியாமலேயே ஊர் முழுக்க ரசித்தது. 1986-ல் சினிமாவே இல்லாத 'ஹவ் டு நேம் இட்', 1988-ல் 'நத்திங் பட் விண்ட்'. இந்த இரண்டாவதில் குழல் வாசித்தவர் யார் என்று நினைக்கிறீர்கள்? அதே ஹரிபிரசாத் சௌராசியா. ஹாரிசனுக்கு வாசித்து இருபது வருடம் கழித்து, பண்ணைப்புரத்துக்காரருக்கு.

மேடையை விட்டு இறங்கிச் செய்தது ஒரு வழி, கடையை நடத்திக்கொண்டே பின்கட்டில் செய்தது இன்னொரு வழி. நம் மெல்லிசைக் குழுக்களுக்கு இரண்டாவதுதான் ஒத்துவரும். 'சார்ஜென்ட் பெப்பர்ஸ்' பதிவானது நாலு டிராக் மெஷினில். இன்று ரிதம் பேட் வாசிக்கிற பையன் சட்டைப்பையில் வைத்திருக்கிற கைபேசியில் அதைவிட அதிக டிராக் இருக்கிறது. கருவி இல்லை என்ற சாக்கு போய்விட்டது. பாக்கி இருப்பது மேடையில் ஒரு ஐந்து நிமிடம்.

அதைக் கமிட்டி அண்ணாச்சிகள் தரலாம். எப்படியும் பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது, போலீஸ் வந்து நிற்கும். ஒன்பது மணிக்கு, கூட்டம் நன்றாகச் சேர்ந்திருக்கும் நேரத்தில், குழுவின் சொந்தப் பாட்டு ஒன்று என்று நோட்டீசிலேயே அச்சடித்துவிடலாம். அச்சுச் செலவு நம் ஊரில் ஒரு செலவா? பாட்டு மோசமாக இருந்தால் விசிலடித்து உட்கார வைக்கட்டும். அடுத்த சீட்டு விஜய் பாட்டுக்குத்தான் வந்திருக்கும், அதை எடுத்துப் பாடிக்கொள்ளலாம்.